அண்ணன் குடித்ததில்லை

அண்ணனுக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து எங்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். சிலர் சுற்றி வளைத்து, "பழக்கம் கிழக்கம் ஏதாச்சும்…" என்று இழுத்தார்கள். முகப்பேரில் அண்ணன் குடியிருந்த ஃப்ளாட்டின் கீழே துணி தேய்க்கிறவர் மட்டும்தான் ஒளிவுமறைவில்லாமல், "இன்னாக்கா, சார் தண்ணி போடுவாரா? பாத்தா அப்டி தெர்லயே" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கல்லீரல் கெட்டால் குடி என்றுதான் நானும் அதுவரை நினைத்திருந்தேன்.

அண்ணன் குடித்ததில்லை. ஆவடியில் அப்பாவின் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தபோது, சம்பள நாளில் எதிர்வீட்டுக்காரர் தள்ளாடி வருவதைப் பார்த்தே அவனுக்குக் குமட்டும். பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகனாக இருபது வருஷம் இருந்தான். கம்பெனி விருந்துகளில் மாம்பழ ஜூஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பானாம். அதற்காகவே அவனைக் கேலி செய்வார்கள்.

நாற்பத்து நான்கு வயதில் அவனுக்கு வலது விலாவுக்குக் கீழே கனமாக இருப்பதுபோல் தோன்றியது. கேஸ் என்று நினைத்து மாத்திரை போட்டான். பேன்ட் இடுப்பில் நிற்காமல் இறங்கியபோது அண்ணிதான் வற்புறுத்தி ஸ்கேன் எடுக்க வைத்தாள். அதன் பிறகு பெரிய ஆஸ்பத்திரி, பெரிய ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள். பூந்தமல்லியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் நான் லீவு போட்டுவிட்டு அவனோடு போவேன். அண்ணிக்கு மகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்பா போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அம்மா அவர்களோடுதான் இருந்தாள்.

டாக்டர் என் வயதுப் பெண். முதல் நாளே, "நீங்க குடிக்கிறவர் இல்லன்னு எனக்குத் தெரியும். உங்க ரத்தத்துல ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கு. கட்டிக்குக் காரணம் அதுதான்" என்றார்.

அண்ணன் அழவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "வைரஸ் எப்படி மேடம் கேன்சர் ஆகும்? ஜுரம்தானே வரும்?" என்றான். கம்பெனியில் ஒரு உதிரிபாகம் ஏன் பழுதானது என்று கண்டுபிடிக்காமல் அவன் வீட்டுக்குக் கிளம்ப மாட்டான் என்று அண்ணி சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அதை நேரில் பார்த்தேன்.

டாக்டர் ஸ்கேன் உறையைத் திருப்பிப்போட்டு ஒரு வட்டமும் அதற்குள் சின்னதாக இன்னொரு வட்டமும் வரைந்தார்.

"இது கல்லீரல் செல். உள்ள இருக்கிறது நியூக்ளியஸ். இந்த வைரஸ் கல்லீரலைத் தேடித்தான் போகும். அந்த செல் மேல பித்த உப்பை உள்ள இழுக்கிற வாசல் ஒண்ணு இருக்கு, அது வழியா நுழைஞ்சிடும். தன்னோட டிஎன்ஏவை நியூக்ளியஸுக்குள்ள கொண்டுபோய் ஒரு வளையமா மூடி வெச்சிடும். அந்த வளையம்தான் மூல அச்சு. அதைப் பார்த்து நம்ம செல்லே புதுப் புது வைரஸா செஞ்சு ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும்."

"செல் செத்துடாதா?"

"வைரஸ் அதைக் கொல்லாது. குழந்தையா இருக்கும்போதே வைரஸ் உள்ள வந்துட்டா, அது வேத்து ஆளுன்னு உடம்புக்கும் தெரியாது. இருபது முப்பது வருஷம் பேசாம விட்டுடும். அப்புறம் ஒரு கட்டத்துல அடையாளம் கண்டுபிடிச்சு, வைரஸ் இருக்கிற செல்லையெல்லாம் நம்ம எதிர்ப்புச் சக்தியே அழிக்க ஆரம்பிக்கும். அழிஞ்ச இடத்துல புது செல் வளரும். திரும்ப அழியும், திரும்ப வளரும். தழும்பு விழும். இது வருஷக்கணக்கா நடக்கும். வலிகூட இருக்காது."

"எங்க கம்பெனியிலயும் ஒரு பீஸைத் திரும்பத் திரும்ப ரீவொர்க் பண்ணா ரிஜெக்ஷன் ஏறும் மேடம்" என்றான் அண்ணன்.

டாக்டர் தலையாட்டினார். "கரெக்ட். ஒவ்வொரு தடவை செல் ரெண்டாகும்போதும் தப்பு விழ வாய்ப்பு இருக்கு. அதோட வைரஸ் டிஎன்ஏவோட துண்டுகள் நம்ம டிஎன்ஏவுக்குள்ளயே போய் ஒட்டிக்கும். வளருன்னு சொல்ற ஒரு மரபணு பக்கத்துல ஒட்டிச்சுன்னா, அது நிறுத்தாம வளரச் சொல்லிக்கிட்டே இருக்கும். போதாததுக்கு, பழுதைப் பார்த்துச் சரி பண்ற ஏற்பாட்டையும் வைரஸோட ஒரு புரதம் கெடுத்து வைக்கும்."

"இன்ஸ்பெக்டரையே வேலைய விட்டுத் தூக்கிடுது" என்று சொல்லி அண்ணன் சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. அப்படிக் கட்டுப்பாடு இழந்த ஒரே ஒரு செல் போதும் என்றார்.

பிறகு அண்ணன் கேட்டான்: "குழந்தையா இருக்கும்போதுன்னா, எப்ப?"

டாக்டர் பேனாவை மூடினார். "வீட்டுல எல்லாரும் ரத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணிடுங்க. முதல்ல அம்மா."

அம்மாவிடம் சர்க்கரை பார்க்க என்று சொல்லித்தான் ரத்தம் எடுத்தோம். நான்கு நாள் கழித்து ரிப்போர்ட்டுகளை நான் வாங்கி வந்தேன். அண்ணிக்கு இல்லை. அவர்கள் மகளுக்குப் பிறந்த உடனேயே தடுப்பூசி போட்டிருந்ததால் அவளுக்கும் இல்லை. அம்மாவுக்கு இருந்தது. எழுபது வயதில், ஒரு தொந்தரவும் செய்யாமல், அவள் கல்லீரலில் அது குடியிருந்தது.

என் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "உங்களுக்கும் எப்பவோ வந்து போயிருக்கு. உங்க உடம்பு துரத்திடுச்சு" என்றார்.

"எனக்குப் போனது ஏன் அவனுக்குப் போகல?"

"பிறக்கும்போதே வந்தா பெரும்பாலும் தங்கிடும். கொஞ்சம் வளர்ந்தப்புறம் வந்தா பெரும்பாலும் போயிடும். இதுல யார் தப்பும் இல்லைங்க. உங்க அம்மாவுக்கு அவங்க அம்மாகிட்டேருந்து வந்திருக்கலாம். நீங்கல்லாம் பிறந்த காலத்துல குழந்தைகளுக்கு இந்த ஊசி இங்க போடறதில்ல."

அன்றைக்கு வாடகைக் காரில் திரும்பினோம். பூந்தமல்லி சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு போட்டிருந்ததால் வண்டி நகரவே இல்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தூங்குகிறான் என்று நினைத்தேன்.

"பாப்பா" என்றான். எனக்கு நாற்பது வயதாகியும் அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "அம்மாவுக்கு இது தெரியக் கூடாது."

"அம்மாவும் ஆறு மாசத்துக்கு ஒருதடவை ஸ்கேன் பண்ணிக்கணும்னு டாக்டர் சொல்றாங்கண்ணா."

"பண்ணு. சர்க்கரை, வயித்துக் கோளாறுன்னு ஏதாவது சொல்லிக் கூட்டிட்டுப் போ. அவங்ககிட்டேருந்துதான் எனக்கு வந்துச்சுன்னு மட்டும் அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது."

"வைரஸ்னு மட்டுமாவது சொல்லலாமே. எல்லாரும் நீ குடிச்சேன்னு பேசறாங்க."

"வைரஸ்னு சொன்னா எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. நம்ம அம்மாவப் பத்தி உனக்குத் தெரியாதா? டாக்டர் ரூமுக்கே வந்து கேட்டுடுவாங்க." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். "பேசறவங்க பேசட்டும். நான் குடிகாரன்னு பேர் வாங்கிட்டா என்ன இப்ப?"

அப்படித்தான் அந்த விஷயம் அவனுக்கும் அண்ணிக்கும் எனக்கும் இடையில் நின்றது.

கட்டிக்குப் போகிற ரத்தக்குழாயை அடைத்துப் பார்த்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். வைரஸை அடக்கவும் ஒரு மாத்திரை உண்டு. அது நகல் எடுப்பதை நிறுத்துமே தவிர, அந்த வளையத்தை அழிக்காது என்று அண்ணன் எனக்கு விளக்கினான். இருபது வருஷம் முன்னால் தெரிந்திருந்தால் அந்த மாத்திரை அவனைக் காப்பாற்றியிருக்கலாம். அதை அவன் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னான்.

நாலாவது மாதம் வயிற்றில் நீர் கோத்தது. கண் மஞ்சளானது. அம்மா எங்கிருந்தோ கீழாநெல்லி வாங்கி வந்து தினமும் காலையில் அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பாள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அண்ணன் அம்மா எதிரில் ஒரு வாய் குடிப்பான். அவள் அந்தப் பக்கம் போனதும் டம்ளரை என்னிடமோ அண்ணியிடமோ நீட்டுவான். நாங்கள் பாத்ரூமில் கொட்டுவோம். அம்மா காலி டம்ளரைப் பார்த்து, "இன்னிக்கு முழுசா குடிச்சிட்டான்" என்று திருப்தியாகச் சொல்வாள்.

கம்பெனியில் அவனோடு வேலை பார்த்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். முதல் தடவை வந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "மாமே, ஒரு நாளாச்சும் எங்களோட குந்திகினு ஒரு கிளாஸ் தொட்டிருப்பியா நீ? அல்லாத்தியும் குடிச்சுட்டு நாங்க கல்லு மாதிரி கீறோம். உனக்குப் போயி இன்னா மாமே இது?" என்று சத்தமாக அழுதார். வாசலில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். தன் மகனுக்காகச் சாட்சி சொல்ல ஒருவர் வந்துவிட்டார் என்று அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அடுத்த பல நாட்கள் வருகிறவர்களிடமெல்லாம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஏழாவது மாதம், ஒரு புதன்கிழமை மதியம், ஆஸ்பத்திரியில் அண்ணன் போய்ச் சேர்ந்தான். நான் அப்போது பள்ளியில் தேர்வு அறையில் கண்காணிப்பில் இருந்தேன். நான் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் முகத்தை மூடியிருந்தார்கள்.

மறுநாள் வீட்டில் கூட்டம். ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா முறையுள்ள ஒருவர் பந்தலில் உட்கார்ந்து, "நாப்பத்தஞ்சு வயசுல ஈரல் போவுதுன்னா சும்மாவா போவும்? நம்ம கண்ணுக்குத் தெரியாம இருந்திருக்கும்" என்றார். அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அண்ணனைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் பக்கத்திலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"எம்புள்ள தொட்டதில்ல! நாக்குல நரம்பில்லாம பேசாத. எம்புள்ள தொட்டதில்ல!"

நான் அவளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். நானும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். நானும் அம்மாவும் அண்ணனின் சட்டைகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தோம். அம்மா ஒரு சட்டையை எடுத்து முகர்ந்தாள். ஆசையில் முகர்கிறாள் என்றுதான் நினைத்தேன். அதைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அதையும் முகர்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், நெஜத்தச் சொல்லுடி" என்றாள். "அவன் குடிச்சானா?"

மடித்துக்கொண்டிருந்த சட்டையை நான் கீழே வைத்தேன்.

"எல்லார்கிட்டயும் சண்ட போட்டேன். ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசலியே. உங்க அண்ணிகூட, எம்புருஷன் குடிக்க மாட்டார்னு யார்கிட்டயும் சொல்லல. அப்ப என்னமோ இருக்கு. வெளியில குடிச்சிட்டு வாசனை தெரியாம வருவானா? எங்கிட்ட மறைச்சிட்டீங்களா?"

அவன் எந்தப் பழியைப் பொறுத்துக்கொண்டானோ, அதை இவளே நம்பத் தொடங்கியிருந்தாள். இதற்கா அவன் வாயை மூடிக்கொண்டு போனான்? யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"குடிக்கலம்மா. அது ஒரு வைரஸ். ரத்தத்துல வர்றது. சின்ன வயசுல ஊசி போட்டப்ப வந்திருக்கும்னு டாக்டர் சொன்னாங்க. சுத்தமில்லாத ஊசி."

ஊசியிலும் அது பரவும் என்பது உண்மைதான். ஆனால் டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

அம்மா சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"யூ.கே.ஜி. படிச்சான். நாலு நாளா ஜுரம். ஃபேக்டரி ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு உங்கப்பா சொன்னார். அங்க கூட்டமா இருக்கும்னு நான்தான் மார்க்கெட்டுக்குப் பக்கத்துல இருந்த டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போனேன். வெந்நியில ஊசியப் போட்டு எடுப்பாரு. எல்லாருக்கும் அதே ஊசிதான். எம் மடியில படுக்க வெச்சு நான்தான் கால அமுக்கிப் புடிச்சேன். வேணாம் வேணாம்னு கத்தினான்."

"அது இல்லம்மா. வேற எங்கயாச்சும் இருக்கும்."

"வேற எங்கயும் ஊசி போட்டதில்லடி. எனக்குத் தெரியாதா?"

அண்ணிக்கு இது தெரிந்தபோது சமையலறையில் நின்றுகொண்டு, "சொல்றதுன்னா உள்ளதையே சொல்லியிருக்கலாம்" என்றாள். அவள் சொன்னது சரி. உள்ளது யாருடைய தவறும் இல்லை. நான் சொன்ன பொய்யில் அம்மா தேதியும் இடமும் தேடி ஒரு தவறைக் கண்டுபிடித்துக்கொண்டாள். அதன் பிறகு இரண்டு தடவை உண்மையைச் சொல்ல உட்கார்ந்தேன். ஒரு பழியைச் சுமப்பவள் மேல் இன்னொன்றையும் ஏற்றுவதா என்று எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு வருஷங்கள் ஆகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுக் கோளாறு என்று சொல்லி அவளை ஸ்கேனுக்குக் கூட்டிப் போகிறேன். போன மாதமும் போயிருந்தோம். காத்திருந்த இடத்தில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, தன் மகனுக்குக் கல்லீரலில் கொழுப்பு என்று சொல்லிவிட்டு, "உங்களுக்கு எத்தனை பசங்க?" என்று கேட்டார்.

"ஒரு பையன், ஒரு பொண்ணு. பையன் இல்ல" என்றாள் அம்மா. "ஈரல்ல கேன்சர். குடியெல்லாம் கிடையாது. சின்னதுல நான் ஊசி போடக் கூட்டிட்டுப் போனேன், அதுல வந்துடுச்சு."

அக்கம்பக்கத்து ஃப்ளாட்டுகளிலும் ஊர்க்காரர்களிடமும் அவள் இப்போது இப்படித்தான் சொல்கிறாள். யாரும் கேட்காமலே போய்ச் சொல்கிறாள். சித்தப்பா முறைக்காரருக்கு ஃபோன் போட்டே சொன்னாளாம். அண்ணன் குடித்தான் என்று இப்போது யாரும் பேசுவதில்லை.

"தெரியாமதானேம்மா கூட்டிட்டுப் போனீங்க" என்று அந்த அம்மா இவள் கையைப் பிடித்தார்.

"தெரியாமதான். ஆனா நான்தானே கூட்டிட்டுப் போனேன்."

ஃபைல் என் மடியில் இருந்தது. அவளுக்கு வைரஸ் இருப்பதைச் சொல்லும் பழைய ரிப்போர்ட்டும் அதற்குள் இருந்தது. உள்ளே கூப்பிட்டார்கள். கல்லீரலில் ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது என்று என்னிடம் தனியாகச் சொன்னார்கள்.

வெளியே வந்து பஸ் பிடித்தோம். நல்ல கூட்டம். யாரோ எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தார்கள். அவள் உட்கார்ந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "பையக் குடு, நான் வெச்சுக்கறேன்" என்று கையை நீட்டினாள். ஃபைலை மட்டும் நான் வைத்துக்கொண்டு பையைக் கொடுத்தேன்.