நாகராசுவின் குறட்டை நின்ற மத்தியானம்

ஜெகதாப்பட்டினத்தில் விசைப்படகு ஓட்டுகிற நாகராசுவின் குறட்டைக்குத் தனி மரியாதை உண்டு. துறைமுகத்தில் அதைப் பற்றிப் பேசினால் யாரும் முகம் சுளிப்பதில்லை; நம்ம ஊர்ச் சொத்து என்கிற பெருமையோடுதான் பேசுவார்கள். ஐஸ் பிளாண்ட்டில் கட்டியை அரைக்கிற சத்தத்துக்கு ஒரு படி மேல் என்பது பொதுவான தீர்ப்பு.

மனைவி செவந்தி மட்டும் அந்தத் தீர்ப்பில் கலந்துகொள்வதில்லை. "தூரத்துல நின்னு ரசிக்கிறவங்களுக்கு என்ன? நான்ல பக்கத்துல படுக்குறேன்" என்பார்.

கடலில் வலையை இறக்கிப் படகு அதை இழுக்கத் தொடங்கியதும், செவந்தியின் தம்பி வெற்றிசெல்வனிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு நாகராசு படகின் முன்பக்கத்தில் மல்லாந்து படுத்துவிடுவார். மற்றவர்களும் ஆங்காங்கே சாய்வார்கள். ஆனால் கடலில் கண் தூங்கினாலும் காது தூங்காது. எஞ்சின் நின்றால் நீரோட்டம் படகை இலங்கை எல்லைக்கு அங்கிட்டு இழுத்துப் போய்விடும். அங்கே வரவேற்க நேவி ஆட்கள் தயார். கையில் மாலைதான் இருக்காது. அதனால் சத்தம் திடீரென்று அடங்கினால் யோசிப்பதற்கு முன்பே ஓடுவது இவர்கள் வழக்கம்.

அன்று மத்தியானம் சத்தம் அடங்கியது.

"எஞ்சின் நின்னுபோச்சுடா!" ஒருவன் எஞ்சின் அறை மூடியைத் திறந்தான். ஒருவன் நங்கூரக் கயிற்றைப் பிடித்தான். இன்னொருவன் தெரிந்த சாமிகளையெல்லாம் ஒரே மூச்சில் கூப்பிட்டான்.

"டேய், எஞ்சின் ஓடிக்கிட்டுத்தான்டா இருக்கு!" என்று கத்தினான் ஸ்டியரிங்கில் இருந்த வெற்றிசெல்வன்.

"அப்ப எதுடா நின்னுச்சு?"

எல்லோரும் நாகராசுவைப் பார்த்தார்கள். வாய் திறந்திருந்தது. நெஞ்சு எக்கி எக்கி ஏறியது. மூச்சு மட்டும் வரவில்லை. உதடு கறுத்திருந்தது. வெற்றிசெல்வன் பாய்ந்து வந்து, "மச்சான்! மச்சான்!" என்று உலுக்கினான். குளத்திலிருந்து தலை தூக்கிய எருமைபோல் ஒரு பெருமூச்சு விட்டு அவர் கண் திறந்தார்.

"ஏன்டா கத்துறீங்க? மனுசன தூங்கவிட மாட்டீங்களா?"

சொல்லிவிட்டுத் திரும்பவும் குறட்டையைத் தொடங்கினார். இத்தனை காலம் அதற்காகக் காதைப் பொத்தியவர்கள் கைதட்டினார்கள்! கொஞ்ச நேரத்தில் அது மறுபடி நின்றது. "போச்சு... போச்சு... வந்துருச்சுடா!" கிரிக்கெட் பார்ப்பவர்கள்கூட இப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள்.

மீன் கரை இறங்குவதற்குள் சேதி கரை இறங்கியது. படகின் முதலாளியம்மா செங்கமலம் கூப்பிட்டு அனுப்பினார்.

"நாகராசு, ஸ்டியரிங் பிடிக்கையில ஒனக்குக் கண்ணு சொக்குதா? பொய் சொல்லாத."

"லேசாக்கா."

"நீ லேசா சொக்குனா எம் படகு லேசா அங்கிட்டுப் போயிரும். டாக்டரு சரிங்கிறவரைக்கும் ஸ்டியரிங்கத் தொடாத."

மூச்சு நின்றதைக் கேட்டபோது அசையாத மனிதர், இதைக் கேட்டு ஆடிப்போனார். அவருக்குத் தெரிந்த வேலையும் பிடித்த வேலையும் அது ஒன்றுதான்.

புதுக்கோட்டையில் ஒரு டாக்டரம்மா, தூங்கவைத்துப் பரிசோதித்த பிறகு விளக்கினார்: "தூங்குறப்ப தொண்டைத் தசை தளர்ந்துரும். மல்லாந்து படுத்தா நாக்கும் பின்னால சரியும். பாதை குறுகிரும். அந்தச் சந்துல காத்து முட்டிக்கிட்டுப் போறப்ப உள்சதை படபடன்னு அடிக்கும். அதுதான் குறட்டை. கழுத்து பருத்தாலும், மூக்கு அடைச்சாலும், தண்ணி போட்டாலும் இன்னும் மோசம். ஒங்களுக்குப் பாதையே மூடிக்குது. மூச்சுக்காக மூளை ஒங்கள எழுப்பிக்கிட்டே இருக்கு. அதான் பகல்ல சொக்குது."

"அப்ப இத்தனை வருசமா நான் தூங்கவே இல்லையா?"

"நானும்தான்" என்றார் செவந்தி.

மூக்கில் மாட்டிக் காற்றை உள்ளே தள்ளுகிற ஒரு மிஷினைக் கொடுத்தார்கள். அதை மாட்டிய நாகராசுவைப் பார்க்கத் தெருவே வந்தது. போர் விமான பைலட் என்றார்கள். அவரோ குடியை விட்டார், வயிற்றைக் குறைத்தார், துறைமுகச் சுவரில் உட்கார்ந்து வெற்றிசெல்வனுக்குப் போனிலேயே படகு ஓட்டினார். "சிக்னல் இல்ல மச்சான்" என்பதுதான் அவன் கடலில் அதிகம் சொன்ன பொய்.

கடைசியில் டாக்டரம்மா மறுபடி பரிசோதித்து, சரி என்றார். மறுநாள் விடிந்ததும் செங்கமலம் படகுக்கே வந்தார்.

"கண்ணு சொக்குதா?"

"இல்லக்கா. இப்பதான் பகல்னா என்னன்னே பாக்குறேன்."

"கடல்ல படுத்தா மிஷினுக்கு என்ன பண்ணுவ?"

வெற்றிசெல்வன் கேபின் கதவைத் திறந்து காட்டினான். பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, உப்புக்காற்று படாமல் பெட்டி அடித்து, மிஷினுக்கு இடம் தயாராக இருந்தது. நாகராசு கேட்காமலேயே படகுப் பையன்கள் செய்த வேலை.

செங்கமலம் சாவியை நீட்டினார். நாகராசு வாங்கிய வேகத்தில் அவர் விரலும் கூட வந்திருக்கும். துறைமுகத்தில் நின்ற மற்ற படகுகளையெல்லாம் முந்திக்கொண்டு அவர் படகு முதலாவதாகத் துறைமுக வாயைத் தாண்டியது.

"மெதுவா மச்சான்! மெதுவா!"

"தூங்கி எந்திரிச்சவன் கைடா இது! அப்படித்தான் போகும்!"