நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் நிற்பவர்

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மூன்று பேர் பார்த்தோம். மற்ற இருவரும் இதே வீட்டில்தான் இருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் வந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மனைவி தன் அப்பாவின் முகத்தைப் பார்த்ததே கிடையாது. அவள் வயிற்றில் இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார், இருபத்தெட்டு வயதில். இருந்த ஒன்றிரண்டு போட்டோவும் வீடு தீப்பிடித்தபோது சாம்பலாகிவிட்டன. ஆனால் ஒரே ஒரு சினிமாவில் அவர் கூட்டத்தில் ஒருவராக நின்றிருக்கிறார். ரயில் நிலைய டிக்கெட் கவுன்டர் காட்சி. நாலு நாள்கூட ஓடாத படம். அதன் டிஸ்க்கை வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி ஒரு கடையின் தள்ளுபடிக் கூடையில் கண்டெடுத்து அனுப்பியிருந்தான். அந்தக் கூட்டத்தில் அவர் யார் என்று காட்டக்கூடியவர் என் மாமியார் ஒருவர்தான். அவருக்கு மறுநாள் காலை கண் ஆபரேஷன். பார்வை மிஞ்சுமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. அன்றைக்கே பார்த்தாக வேண்டும்.

அதற்காகவே புது கம்ப்யூட்டர் வாங்கினேன். சனிக்கிழமை சாயங்காலம் கடைக்காரரே கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

மதியம் 1.40. டிஸ்க்கைப் போட்டேன். ட்ரே உள்ளே போனது. 'டக்... டக்...' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்றது திரை. எடுத்துப் பனியனில் துடைத்துப் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். நெட்டிலிருந்து படம் ஓட்டும் பிளேயர் மென்பொருள் ஒன்றை இறக்கினால் அது இன்னொன்றைக் கேட்டது, அந்த இன்னொன்று மூன்றாவதைக் கேட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். பெட்டியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாமா என்று வந்தது.

"பழைய டிவிடி பிளேயர எடைக்குப் போட்டீங்களே, அது இருந்திருந்தா இந்நேரம் பாத்து முடிச்சிருப்போம்" என்றாள் மனைவி. எரிகிற நெருப்பில் எண்ணெய்!

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "வெளிநாட்டு டிஸ்க்கா சார்? அப்ப டிஸ்க் போடுற டிரைவ்ல ரீஜன் மாத்தணும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நம்பர் உண்டு, அட்டையில போட்டிருக்கும். பாத்து மாத்துங்க. அஞ்சு தடவைதான் மாத்த முடியும், அப்புறம் பூட்டிக்கும்."

பார்த்தா மாற்றினேன்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்ளப் பொறுமையில்லாமல், பொடி எழுத்தை உத்தேசமாகப் படித்து இரண்டு தடவை வீணடித்தேன். மூன்றாவது சரியாக விழுந்தது. 'இன்னும் இரண்டு முறை' என்று திரை எச்சரித்தது. 2.25க்குப் படம் ஓடியது.

மாமியாரைத் திரைக்கு ஒரு சாண் தள்ளி உட்கார வைத்தோம். டிக்கெட் கவுன்டர் வந்தது. வரிசையில் நாலைந்து முதுகுகள்.

"இவருதான் மாப்ள. ஒத்தக் கால்ல சாஞ்சு நிக்கிறாரு பாருங்க. எப்பவும் அப்படித்தான் நிப்பாரு."

படம் நின்றுவிட்டது. 43 நிமிடம் 12 விநாடி.

எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது. இவ்வளவு பாடுபட்டு ஒரு முதுகா? எடுத்தேன், துடைத்தேன், மறுபடி போட்டேன். அதே 43:12. ஆனால் இந்த முறை அவருடைய காது தெரிந்தது. ஒரு நொடி முன்னே பின்னே நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இறக்கி வைத்திருந்த இன்னொரு பிளேயரில் ஓட்டினேன். 43:12. இப்போது கன்னம் தெரிந்தது.

"அம்மா... அப்பா திரும்புறாரா?" என்றாள் மனைவி.

மாமியார் திரைக்கு இன்னும் நெருங்கிக் குனிந்தார்.

மணி 2.58. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். யாரும் எதையும் தொடவில்லை.

டக்... டக்... டக்...

வரிசையில் மற்றவர்கள் அசையவில்லை. நேரமும் 43:12லேயே நின்றது. அவர் மட்டும்... மெதுவாக...

திரும்பினார்.

என்னைப் பார்க்கவில்லை. இடது பக்கம் பார்த்தார். அங்கே என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"என் மூக்கு... அப்படியே என் மூக்கு..." அவள் விம்மினாள்.

"அவருதான்" என்றார் மாமியார். "ஆனா... தலையெல்லாம் ஏன் நரச்சிருக்கு?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். வெள்ளை முடி. கண்ணுக்கடியில் சுருக்கம். படம் எடுத்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. உயிரோடு இருந்திருந்தால் இப்போது அறுபத்திரண்டு.



3.04. திரை இருண்டது.

அதற்குப் பிறகு டிஸ்க் ஓடவே இல்லை என்று போன் போட்டதில், நான்காம் நாள் கடைக்காரர் வந்தார். மாமியாருக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது, ஒரு கண் தப்பித்தது. கடைக்காரர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே விட்ட கையை அப்படியே நிறுத்தினார்.

"மன்னிச்சுக்கங்க சார், எம்மேலதான் தப்பு. டிரைவுக்கு டேட்டா கேபிளே மாட்டல. கரண்ட் ஒயர் மட்டும்தான் இருக்கு. ட்ரே திறக்கும், டிஸ்க் சுத்தும். திரைக்குப் படம் வர வழியே இல்லையே... நீங்க எப்படிப் பாத்தீங்க?"

கேபிளை மாட்டினார். ரீஜன் பக்கத்தைத் திறந்தார். "அஞ்சும் அப்படியே இருக்கு சார். இதுவரைக்கும் யாரும் மாத்தவே இல்ல."

சரியான நம்பரை வைத்தார். படம் எங்கும் நிற்காமல் ஓடியது. 43:12ஐயும் தாண்டியது. கறுப்பு முடியோடு ஒரு வாலிபர் ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றார், டிக்கெட் வாங்கினார், கூட்டத்துக்குள் போனார். கடைசிவரை திரும்பவே இல்லை.

மனைவி மூன்று முறை பின்னால் ஓட்டிப் பார்த்தாள். மூன்று முறையும் முதுகுதான். கடைக்காரர் பையை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"அண்ணே," என்றாள் அவள் மெதுவாக. "அந்தக் கேபிளக் கழட்டிட்டுப் போங்க."