அளவுகோல் அக்கா

தம்பி அவளை முகத்தில் அடிக்க மாட்டான். வயிறு, முதுகு, தொடை. வெளியில் தெரியாத இடமாகப் பார்த்துத்தான் அடிப்பான். அன்று எட்டி உதைத்ததில் அவள் கட்டில் காலில் மோதினாள். விலாவில் ஏதோ மளுக்கென்றது. அம்மா போனபிறகு சோறூட்டி அவள் வளர்த்த பிள்ளை. வெளியில் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆய்வுக்கூடம் போனாள். ரத்தக் குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டுவது அவள் வேலை. ஒரு காய்ச்சல் ஏன் சிலரை மட்டும் கொல்கிறது, அவர்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி எங்கே சறுக்குகிறது என்று அங்கே தேடினார்கள். மெஷின் ரத்த அணுக்களை ஒவ்வொன்றாக நெருப்பில் ஆவியாக்கி, ஒவ்வொன்றிலும் நாற்பது அடையாளங்களை அளந்து, திரையில் புள்ளியாக வைக்கும். நோயாளிகளின் ரத்தத்தோடு ஒவ்வொரு சுற்றிலும் நோயில்லாத ஒருவரின் ரத்தமும் போகும். அந்த ஒருவர் இவள்தான். இவள் புள்ளிகள் பழைய இடத்திலேயே விழுந்தால் மெஷின் சரி. அதனால் எல்லோருக்கும் இவள் 'அளவுகோல் அக்கா'.

அந்த வாரம், ஆய்வை நடத்தும் டாக்டரம்மா இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். ஐந்து சுற்றுகளில் அளவுகோலின் புள்ளிகளே இடம் மாறியிருந்தன. மெஷின் பழுது, ஐந்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான் என்றார். முப்பது நோயாளிகள். பதினோரு பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களிடம் மறுபடி ரத்தம் கேட்க முடியாது.

அவள் ஐந்து தேதிகளையும் பார்த்தாள். ஒன்றுக்கு முதல் நாள் பெல்ட் அடி. ஒன்றுக்கு, சுவரில் மோதிய தலை. வாயைத் திறந்தால் தம்பியின் மானம் போகும். மூடிக்கொண்டால் அந்தப் பதினோரு பேர் கொடுத்த ரத்தம் சாக்கடையில் போகும்.

கதவைச் சாத்திவிட்டு முதுகைக் காட்டினாள்.

"மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கும்மா. நான்தான் அடிபட்ட உடம்போட ரத்தம் குடுத்தேன்."

டாக்டரம்மா எழுந்து வந்து அவள் முதுகில் துணியை இழுத்து மூடினார். பிறகு, அடிபட்டால் ரத்த அணுக்கள் மாறத்தான் செய்யும், நோயாளிகளின் கணக்கு செல்லும், ஆனால் இனி உங்களிடம் ரத்தம் எடுக்க மாட்டேன் என்றார். இன்றைக்கு என் வீட்டுக்கு வந்துவிடுங்கள் அக்கா என்றும் கூப்பிட்டார்.

"வீடு என்னோடதும்மா. போக வேண்டியவன் அவன்."

மாலையில், துணியை எடுத்துக்கொண்டு கிளம்பு என்று அவள் சொன்னதும் தம்பி பெல்ட்டை உருவினான். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவதற்கு ஓங்கிய கையில் அவள் இஸ்திரிப் பெட்டியை இறக்கினாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. அவன் தரையில் உட்கார்ந்து, சின்ன வயதில் அழுத மாதிரியே அழுதான். அவள் வண்டி பிடித்து, அவனைத் தாங்கி ஏற்றி, துணிப்பையை அவன் மடியில் வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில இறக்கி விடுங்க," என்றாள் டிரைவரிடம். "திரும்பக் கூட்டிட்டு வரவேண்டாம்."