உரோமாபுரியை வலம் வந்த பெண்கள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வசந்த காலத்தில், ரொறன்ரோ நகர நடுவிலுள்ள ஓர் அருங்காட்சியகத்தில், எங்கள் ஆங்கில வகுப்புப் பெண்கள் எல்லோரும் காதில் வோக்மன் மாட்டிக்கொண்டு, பழைய உரோம நகரமொன்றின் கற்களுக்கு நடுவே என் குரலைக் கேட்டபடி நடந்தார்கள். இதை யாராவது கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

அப்போது நாங்கள் ரொறன்ரோவின் கிழக்கே வெக்ஸ்போர்ட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தோம். கணவருக்குப் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுசில் இரவு வேலை. மகளுக்கு மூன்று வயது. நான் ஊரில் வரலாறு படித்துப் பட்டம் பெற்று, ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கொஞ்சக் காலம் படிப்பித்தவள். ஆங்கிலம் வாசித்தால் விளங்கும், பேச வராது. ஒரு வசனத்தை மனதுக்குள் கட்டி, பிழை பார்த்து முடிப்பதற்குள் எதிரே நின்றவர் போய்விடுவார். அதனால்தான் அந்த வகுப்புக்குப் போனேன். பக்கத்து அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார்கள் என்பதும் ஒரு காரணம். வகுப்பு நடக்கும்போது நான் இரண்டு மூன்று தடவையாவது எழுந்து போய், கதவுக் கண்ணாடியால் மகள் அழுகிறாளா என்று பார்ப்பேன். அவள் ஒருநாளும் அழுததில்லை.

ரீச்சர் ஒருநாள் வந்து, அருங்காட்சியகத்தில் உரோமக் கண்காட்சி ஒன்று வந்திருக்கிறது, வகுப்பாகப் போவோம் என்றார். மண்ணுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த வீடுகளின் சுவர், தரை, தூண், அடுப்பு எல்லாம் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்களாம். ஒவ்வொருவருக்கும் ஒரு கசெற் தருவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு தாங்களாகவே நடந்து பார்க்கலாம். ஆனால் கசெற் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டும்தான். வகுப்பில் பெரும்பாலானோர் தமிழ்ப் பெண்கள். அவர்களுக்கு இரண்டுமே விளங்காது. ரீச்சர் என்னைப் பார்த்தார்.

"நீ வரலாறு படித்தவள்தானே. தமிழில் ஒரு கசெற் செய்ய முடியுமா?"

முடியாது என்று சொல்ல ஒரு நல்ல ஆங்கில வசனத்தை மனதுக்குள் கட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் ரீச்சர் நன்றி சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமையே கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு கண்காட்சியைப் பார்க்கப் போனேன். பெரிய மண்டபம். நடுவில் ஓர் உரோம வீட்டு முற்றத்தைத் தூண்களோடு நிறுத்தியிருந்தார்கள். அதைச் சுற்றிச் சுவரோரமாக மற்றவையெல்லாம். நான் ஒரு பக்கத்தால் தொடங்கி முற்றத்தைச் சுற்றி நடந்து, ஒவ்வொன்றின் முன்னும் நின்று குறிப்பெடுத்தேன். எதிரே நிறையப் பேர் வந்தார்கள். கனடாக்காரருக்கு ஒரு வழக்கம் இருக்கும் என்று ஒதுங்கி ஒதுங்கி நடந்தேன். வீட்டுக்கு வந்து அங்கே தந்த கையேட்டைப் பிரித்தால், அதில் எல்லாம் தலைகீழ் வரிசையில் இருந்தது. அடுப்பை அணைத்தேனா என்று மூன்றுதரம் பார்க்கிறவள் நான். அன்றைக்கு மட்டும் எனக்கு என்னில் சந்தேகம் வரவில்லை. கையேட்டைப் பிழையாக அச்சடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

என்னைத் தூங்கவிடாத விசயம் வேறு. எங்களுக்கு மேல்மாடியில் இருந்த அன்ரியும் எங்கள் வகுப்புத்தான். யாழ்ப்பாணத்தில் சண்டை கடுமையாகி, ஊரோடு சனம் வீடுகளை விட்டு வெளிக்கிட்டிருந்த காலம். அன்ரியின் வீட்டில் ஷெல் குண்டு விழுந்து, கூரை முழுவதும் இறங்கிவிட்டது என்று அண்மையில்தான் அவருக்குச் செய்தி வந்திருந்தது. லிஃப்டில் என்னைக் கண்டதும் கேட்டார்.

"பிள்ளை, உடைஞ்ச வீடு பாக்கவோ எங்களை டவுன்ரவுனுக்குக் கூட்டிக்கொண்டு போகினம்?"

"அது பழங்காலத்து வீடு அன்ரி. இரண்டாயிரம் வருசம்."

"உடைஞ்சது உடைஞ்சதுதானே. என்ரை வீடு போன மாசம். கிட்டடி எண்டபடியா ஒருதரும் ரிக்கெற் போட்டுப் பாக்க வரேல்லை." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "நீ கதைக்கிறாய் எண்டபடியா வாறன். கல்லைப் பாத்து வடிவு வடிவு எண்டு சொன்னியெண்டால் அந்த இடத்திலையே காதிலை கிடக்கிறதைக் கழட்டிப் போட்டு வந்திடுவன்."

அதற்குப் பிறகு எப்படி எழுதுவது? கையேட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் அழகு, பெருமை, காலத்தை வென்ற கலை என்றுதான் இருந்தது. ஒரு வசனம் எழுதுவேன், அதை அன்ரியின் காதில் வைத்துப் பார்ப்பேன், வெட்டுவேன். ரீச்சரிடம் போய் என்னால் ஏலாது என்று சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். அந்த அன்ரி என் குரலைக் கேட்டுக்கொண்டு அந்த மண்டபத்தில் நின்று அழுதால் நான் என்ன செய்வேன்? வராமலே விட்டால் அதுவும் என்னால்தானே?

கடைசியில், எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்வதென்று முடிவெடுத்தேன். இங்கே ஆட்கள் இருந்தார்கள். இது கதவு நின்ற இடம். இதில் மாவரைத்தார்கள். அழகு என்ற சொல்லை ஓரிடத்திலும் போடவில்லை.

ஒலிப்பதிவு பகலில் நடந்தது. மகளும், இரவு வேலை முடித்து வந்த கணவரும் உறங்குகிற நேரம். வீட்டில் சத்தமில்லாத ஒரே இடம் உடுப்பு அலுமாரி. குளிர்கால ஜக்கெற்றுகளுக்கு நடுவே ஒரு முக்காலியைப் போட்டு, மடியில் கசெற் றெக்கோடரை வைத்துக்கொண்டு பேசினேன். முதலில் பதிந்ததைக் கணவருக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்சம் கேட்டுவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"என்ன, சரியில்லையோ?"

"செய்தி வாசிக்கிறீர். அடுத்ததா மரண அறிவித்தல் வருமோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

"அப்ப எப்பிடிச் சொல்ல?"

"என்னோடை சண்டை பிடிக்கேக்கை எவ்வளவு தெளிவாக் கதைக்கிறீர். அப்பிடிச் சொல்லும்."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். நான் முழுவதையும் அழித்துவிட்டு, பேச்சுத் தமிழில் திரும்பப் பதிந்தேன். குளிக்கிற மண்டபத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அலுமாரிக் கதவு திறந்தது. "அம்மா, மூச்சா வருது" என்றாள் மகள். றெக்கோடரை நிறுத்தக் கை போகவில்லை. "கொஞ்சம் பொறுங்கோ, வந்திட்டன்" என்று நான் அவளுக்குச் சொன்னதும் கசெற்றில் ஏறிவிட்டது. பிறகு அழிக்கப் பார்த்தால் குளிக்கிற மண்டபம் பாதி போய்விடும். அப்படியே விட்டேன். கணவர் ஒரு நண்பரின் இரட்டைக் கசெற் பெட்டியில் எல்லோருக்கும் பிரதி எடுத்துக் கொடுத்தார்.

போகிற நாள் வந்தது. மகளைப் பிள்ளைகளின் அறையில் விட்டு, மாற்றுடுப்பு எங்கே இருக்கிறதென்று அங்கிருந்தவருக்கு இரண்டுதரம் காட்டிவிட்டுப் புறப்பட்டேன். பெண்கள் தங்கள் பிள்ளைகளின் வோக்மன்களை வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். சப்வேயில் ஒருவருக்கொருவர் பற்றறி சரிபார்த்தார்கள். மண்டப வாசலில் நான் கையைத் தூக்கினேன். எல்லோரும் ஒன்றாக வோக்மனின் பொத்தானை அமத்தினார்கள்.

"வணக்கம். வாசலாலை உள்ளை வந்து, இடக்கைப் பக்கம் திரும்புங்கோ. நடுவிலை தூண் நிக்கிற முத்தம் உங்கடை வலக்கைப் பக்கம் இருக்கவேணும்."

வரிசையாகத் திரும்பினார்கள். எதிரே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டம் வந்தது. அதன் பின்னால் வயதான வெள்ளைக்காரச் சோடி ஒன்று. எல்லோரும் எங்களை நோக்கித்தான் வந்தார்கள். காவலாளி ஒருவர் என்னிடம் வந்து, மிகவும் பணிவாக, கண்காட்சி வலது பக்கத்தில் தொடங்குகிறது, நீங்கள் முடிவிலிருந்து தொடங்கிவிட்டீர்கள் என்றார்.

அப்போதுதான் விளங்கியது. அந்தச் சனிக்கிழமை, நடுவில் தூண்களோடு ஒரு முற்றத்தைக் கண்டதும், என் கால்கள் கோயில் வீதியில் வலம் வருவதுபோல அதை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சுற்றத் தொடங்கிவிட்டன. மூலஸ்தானத்துக்கு யாராவது இடக்கைப் பக்கத்தைக் காட்டுவார்களா? வகுப்பில் ஒரு பெண்ணுக்கும் இதில் பிழை தெரியவில்லை. எல்லோரும் வெகு இயல்பாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நில்லுங்கோ, நில்லுங்கோ" என்று பின்னால் ஓடினேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. அவர்கள் காதுகளில் நான்தான் இருந்தேன். நான் கையை அசைக்க அசைக்க, உள்ளே இருந்த நான் "இனி அடுத்த கல்லுக்கு வாங்கோ" என்று சொல்லி அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. ரீச்சர் என் தோளில் கை வைத்து, விடு, போகட்டும் என்றார்.

முடிவிலிருந்து தொடங்குவதென்றால் முதலில் வருவது விழுந்த வீடு. சுவரின் அடிப்பகுதி, அதன் மேல் கூரை இறங்கியபடியே கிடக்கும் ஓட்டுக் குவியல். மண்ணிலிருந்து எடுத்த அதே கோலத்தில் அடுக்கியிருந்தார்கள். மற்றவர்கள் கடந்துவிட்டார்கள். மேல்மாடி அன்ரி அங்கேயே நின்றார். வோக்மனை நிறுத்துவதைக் கண்டேன். கழற்றிப் போட்டுவிட்டு வெளியே போகப்போகிறார் என்று நினைத்துக் கிட்டப் போனேன். அந்த இடத்தில் நான் என்ன பதிந்திருந்தேன் என்பது சொல்லுக்குச் சொல் ஞாபகம் வந்தது. "இந்த வீட்டிலை ஆக்கள் இருந்தவை. அவையின்ரை பேர் ஒருதருக்கும் தெரியாது. கூரை விழேக்கை வீட்டுக்குள்ளை ஒருதரும் இருக்கேல்லை. வெளிக்கிட்டுப் போட்டினம்."

அன்ரி என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ஒருதரும் உள்ளை இருக்கேல்லை எண்டது மெய்யோ? இல்லாட்டி எனக்காகச் சொன்னனியோ?"

"மெய்தான் அன்ரி. எலும்பு ஒண்டும் கிடைக்கேல்லையாம். நல்ல சாமானும் கிடைக்கேல்லையாம். எடுத்துக்கொண்டு போட்டினம். கையேட்டிலை கிடக்கு, காட்டட்டோ?"

"வேண்டாம்." குவியலைச் சுற்றியிருந்த கண்ணாடித் தடுப்பினூடாகக் குனிந்து பார்த்தார். "உந்த ஓட்டிலை சின்னச் சின்னதா என்ன எழுதிக் கிடக்கு?"

"இலக்கம். தோண்டினவை ஒவ்வொரு ஓட்டுக்கும் போட்டது."

"உடைஞ்ச துண்டுக்குமோ?"

"எல்லாத்துக்கும்."

"ஆரோ ஒருதரின்ரை வீட்டுக்கு." வோக்மனைத் திரும்ப ஓடவிட்டு அடுத்த கல்லுக்கு நடந்தார். அழவில்லை. கழற்றிப் போடவுமில்லை. என் குரல் அவரோடு போனது.

நான் பின்னால் நின்று பார்த்தேன். கல்லறைகளைத் தாண்டினார்கள். சந்தைத் தெருவில் வண்டிச் சில்லுப் பதிந்த கல்லைக் குனிந்து பார்த்தார்கள். எதிரே வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து வழி விட்டார்கள். குளிக்கிற மண்டபத்துக்கு வந்ததும் முன்னால் நின்றவள் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூச்சா. ஒவ்வொரு பற்றறியும் ஒவ்வொரு வேகத்தில் ஓடியது; ஆகவே அவளுக்குப் பிறகு கொஞ்சம் பொறுத்து மற்றவள், பிறகு இன்னொருத்தி என்று சிரிப்பு வரிசையாகப் பின்னுக்கு வந்தது. காவலாளி கற்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அங்கே சிரிப்பதற்கு என்ன இருக்கிறதென்று அவருக்கு விளங்கவில்லை.

"இவர்களோடு பேசுவது யார்?" என்று என்னைக் கேட்டார்.

"நான்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு இலக்கணம் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

சுற்றி முடித்து ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். கடைசியில் அவர்கள் பார்த்தது அடுப்பும் வாசற்படியும். அவைதான் கண்காட்சியின் தொடக்கம். "நல்ல காலம் சமையலறை கடைசியா வந்தது. முதலே வந்திருந்தால் மிச்சத்தைப் பாக்க மனம் வந்திராது, வீட்டு அலுவல் ஞாபகம் வந்திடும்" என்றாள் ஒருத்தி. "நீங்கள் ஏன் ரேடியோவிலை கதைக்கிறேல்லை?" என்றாள் இன்னொருத்தி. இதை நான் கணவருக்குச் சொன்னபோது, முதல் பதிவைக் கேட்டிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள் என்றார்.

எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொண்டார்கள். அன்ரியைக் காணவில்லை. எட்டிப் பார்த்தேன். வாசலின் இடக்கைப் பக்கத்தில், திரும்பவும் அந்த விழுந்த வீட்டின் முன்னால் நின்று, வோக்மனைத் திறந்து கசெற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். முழுவதையும் பின்னுக்குச் சுற்றிவிட்டு, முதலிலிருந்து திரும்ப நடக்கப்போகிறார் என்று விளங்கியது.

ரீச்சர் மணியைப் பார்த்தார். பிள்ளைகளின் அறையை மூடுகிற நேரம் ஆகிறது, போய் அவரைக் கூட்டிக்கொண்டு வா என்றார். என் மகளும் அங்கேதான் இருந்தாள். அவள் என்னைத் தேடுவாளோ, கடைசிப் பிள்ளையாகத் தனியே நிற்பாளோ என்றெல்லாம் எனக்குள் வழக்கம்போல் ஓடத் தொடங்கியது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, என் வாய் நல்ல ஆங்கிலத்தில் ரீச்சருக்குச் சொன்னது: "அவர் இன்னும் பார்த்து முடியவில்லை. ஃபோன் எடுத்துப் பிந்துமென்று சொல்லுங்கள். நாங்கள் நிற்கிறோம்."

ரீச்சர் என்னைப் பார்த்துவிட்டு, ஃபோனைத் தேடிப் போனார்.

பெண்கள் கோட்டுகளைக் கழற்றிவிட்டு வாசல் வாங்கில்களில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி பையிலிருந்து ரோல்ஸ் எடுத்துப் பகிர்ந்தாள். நான் மட்டும் நின்றபடி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்ரி வரும் சனத்துக்கு எதிரே, அவசரமில்லாமல், ஒவ்வொரு கல்லிலும் நான் எவ்வளவு நேரம் பேசினேனோ அவ்வளவு நேரம் நின்று நின்று வந்தார். யாரும் அவரை மறிக்கவில்லை.