மூன்று வேளை ஆங்கிலம்

1981 நவம்பர்: எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத் தாளைத் தனித்தேர்வராக மறுபடி எழுத என் மனைவி விண்ணப்பித்தாள்.
1982 பிப்ரவரி 11: மஞ்சள் காமாலை என்று பெரம்பலூரில் மருத்துவர் சொன்னார்.
பிப்ரவரி 20: திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம்.
மார்ச் 2: காலையில் இறந்தாள். தேர்வு அந்த மாத இறுதியில் நடந்தது.

மற்றப் பாடங்களில் அவள் முன்பே தேறியிருந்தாள். எங்கள் ஊரான குரும்பலூரில் திறக்கவிருந்த பால்வாடியில் ஆசிரியை வேலைக்கு அந்த ஒரு தாள்தான் குறுக்கே நின்றது. நான் அரியலூரில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலம் நடத்திவந்தேன். இலக்கண நூலின் உதாரணங்களை அவளிடம் கொடுத்தேன்.

"ராமன் மாம்பழம் திங்கறான், தின்னான், திம்பான்னு எத்தனை வாட்டிங்க எழுதறது? அவன் தின்னா எனக்கென்ன?"

"பின்னே எதை எழுதுவே?"

"நம்ம வூட்டுல நடக்கறதை."

அப்படியே ஆயிற்று. காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நிகழ்காலம். மாலையில் திரும்பியதும் இறந்தகாலம். விளக்கை அணைக்குமுன் மறுநாளைப் பற்றி எதிர்காலம். 'சிம்பிள் டென்ஸ்' எனப்படும் எளிய காலங்கள் மட்டும். ஒரு நாள் வாசலில் நின்று, "மை ஹஸ்பண்ட் ஃபர்கெட்ஸ் ஹிஸ் அம்ப்ரெல்லா" என்றாள்.

"எவ்ரி டேன்னு சேத்துக்கலாமாங்க?"

"சேத்துக்க."

"அப்ப தினமும் மறக்கறேன்னு ஒத்துக்கறீங்க."

பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டார்: "ஏன்டி, விடிஞ்சதும் புருசனை இங்கிலீசுல திட்றியா?"

"திட்டலக்கா. பரீட்சைக்குப் படிக்கிறேன்."

மருத்துவமனையிலும் அவள் இந்த வழக்கத்தை விடவில்லை. மார்ச் முதல் நாள் மாலை, ஈரல் செயலிழந்துவிட்டது, இனிச் செய்வதற்கொன்றும் இல்லை என்று மருத்துவர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சொன்னார். நான் கட்டிலருகே திரும்பியபோது அவள் விழித்திருந்தாள்.

"பாடம் நடத்தலையா, சார்?"

"நீ சொல்லு."

"டுமாரோ வீ வில் கோ ஹோம்." சற்று மூச்சு வாங்கினாள். "சரியாங்க?"

வாக்கியத்தை ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன்.

"சரி."

"என்னங்க, சந்தேகமா சொல்றீங்க?"

"ஒரு தப்பும் இல்ல."

"அப்ப டிக் போடுங்க" என்று உள்ளங்கையை நீட்டினாள். அதுவும் மஞ்சளாகியிருந்தது. சட்டைப்பையில் விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனா இருந்தது. போட்டேன். மை உலரும்வரை விரல்களை மடக்காமல் வைத்திருந்தாள்.

மறுநாள் மதியம் குரும்பலூர் வந்து சேர்ந்தோம். அவளைக் குளிப்பாட்டிய பெண்கள் அந்தக் குறியைக் கழுவியிருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

இன்றுவரை செய்யாதவை:

மார்ச் நடுவில் தபாலில் வந்த அவளுடைய ஹால் டிக்கெட்டை உறையிலிருந்து எடுப்பது.

அந்த ஆண்டு சக ஆசிரியரிடம் ஒப்படைத்த எளிய காலங்கள் பாடத்தைத் திரும்ப வாங்கி நடத்துவது. பணி ஓய்வு பெறும்வரை வாங்கவில்லை.

அக்கா கடைசியாக என்ன பேசினாள் என்று கேட்கும் அவள் தங்கைக்கு, ஆண்டிமடம் போய்ப் பதில் சொல்வது.