டைரக்டர் ஏறாத தராசு

கேரள மலையில், ஏலப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், கூலியாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் பிறந்தவர் ஏசுரத்தினம். அம்மா கொழுந்து கிள்ளினார். மகன் கழக்கூட்டம் சைனிக் பள்ளிக்குத் தேறி, அங்கிருந்து கடற்படைக்குப் போய், ஹெலிகாப்டர் விமானியானார். மழைக்காலக் கடலில் தத்தளிக்கும் கப்பலின் மேல்தளத்தில், வாலிபால் மைதானம் அளவுகூட இல்லாத இடத்தில், இறக்கிப் பழகியவர். கமாண்டராக ஓய்வு பெற்றபின் கடலிலுள்ள எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் ஏற்றினார். கடைசியாகக் கொச்சியில் ஒரு வாடகை ஹெலிகாப்டர் கம்பெனியில் சேர்ந்தார். மொத்தம் நாற்பத்து மூன்று வருடம். அவர் ஏற்றிய ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அறுபத்தைந்து வயது முடிந்தால் பயணிகளை ஏற்றிப் பறக்க முடியாது. அதற்கு நான்கு மாதம் பாக்கி இருந்தது. கடைசி நாள்வரை பறந்துவிட்டு, தானாக இறங்கி வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதில்தான் மண்ணை அள்ளிப் போட்டார்கள்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆளோ பெட்டியோ, எடை பார்க்காமல் ஏற்ற மாட்டார். வாயால் சொல்லும் எடையை நம்பவும் மாட்டார், வயதைக் கேட்டது போல எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள் என்பார். போகிற ஊரில் கிடைத்த தராசு போதும், ரேஷன் கடைத் தராசில்கூட ஆட்களை நிறுத்தியிருக்கிறார். கடற்படையில் இருந்தபோது ஓர் அட்மிரலையே ஏறச் சொன்னார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினார்.

கடந்த மார்ச்சில் அவர் பிறந்த அதே எஸ்டேட்டுக்குப் போக வேண்டி வந்தது. காரில் வந்த எஸ்டேட் கம்பெனி டைரக்டருக்கு மலைப்பாதை இடுப்பை ஒடித்துவிட்டதாம், திரும்பிப் போக ஹெலிகாப்டர் கேட்டார். ஒருவர் என்று பதிவு. வந்து நின்றதோ டைரக்டர், அவர் மைத்துனர், நான்கு அட்டைப்பெட்டிகள். உச்சி வெயில். மலையின் மெல்லிய காற்று, சின்ன மைதானம், சுற்றிலும் மரங்கள். பாரம் கொஞ்சம் கூடினாலும் மரத்தைத் தாண்டாது.

ஏசுரத்தினம் ஆலையிலிருந்து தராசைக் கொண்டுவரச் சொன்னார். அவருக்கு அது வெறும் தராசு. அந்த மண்ணில் பிறந்தவருக்கு அங்கேதான் உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. அது கொழுந்து நிறுக்கும் தராசு. மூன்று தலைமுறைப் பெண்கள் சாக்கை இறக்கிவிட்டுக் கைகட்டி நிற்க, ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை வாய்க்கு வந்ததைக் கழித்த இடம்.

பெட்டிகள் ஏறின. மைத்துனர் ஏறினார், தொண்ணூற்று நான்கு கிலோ. அடுத்து டைரக்டர்.

"சார், நீங்களும் ஒரு தடவ ஏறிருங்க" என்றார் ஏசுரத்தினம்.

"நானா? இதிலா?"

வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து கொழுந்து கிள்ளும் சிசிலி குரல் கொடுத்தாள்: "பயப்படாம ஏறுங்கய்யா! ஈரத்துக்கு ரெண்டு கிலோ நாங்க கழிச்சிருதோம்!"

மைதானமே சிரித்தது. டைரக்டர் முகம் கறுத்தது. ஏற மாட்டேன் என்றார். ஏறாமல் கிளப்ப மாட்டேன் என்றார் இவர். கொச்சி ஆபீஸிலிருந்து போன் வந்தது, "பறந்துருங்க" என்று. பறக்கவில்லை. டைரக்டர் காரிலேயே போனார்.

மறுநாளே புகார் வந்துவிட்டது. ஹெலிகாப்டர் கம்பெனி மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி, பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரர், அதை மரியாதையாகத்தான் வாசித்தார். 'இந்த விமானி எங்கள் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவளின் மகன். பழைய வன்மத்தில், கூலியாட்கள் முன்னிலையில் என்னை அவமானப்படுத்தினான்.'

ஏசுரத்தினத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எரியாதா பின்னே? அட்மிரலை ஏற்றினால் கடமை, முதலாளியை ஏறச் சொன்னால் வன்மமா? நாற்பத்து மூன்று வருடம் வானத்தில் இருந்தவரை ஒரே வரியில் லயத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவைக் 'கிள்ளியவள்' என்று எழுத அந்தக் கைக்குக் கூசவே இல்லை.

"கோவிச்சுக்காதீங்க கேப்டன். சொந்த மனத்தாங்கல்ல நடந்துக்கிட்டேன், வருந்துறேன்னு ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா முடிஞ்சுதுங்க. நாலு மாசமும் நீங்களே பறக்கலாமுங்க."

"பொய்யில எப்படிக் கையெழுத்துப் போட?"

"சரிங்க. அவரு எடை அதிகம்னு உங்களுக்கு எப்படித் தெரியுமுங்க? அவருதான் ஏறவே இல்லையே?"

"தெரியாது" என்றார் ஏசுரத்தினம். "தெரியாததாலதான் சார் பறக்கல."

ஈஸ்வரமூர்த்தி தயாராக வைத்திருந்த மன்னிப்புத் தாளை நீட்டினார். ஏசுரத்தினம் அதை வாங்கி, அச்சடித்திருந்த வருத்தத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, தான் சொன்ன அதே பதிலைக் கீழே எழுதிக் கையெழுத்திட்டார். அன்று சாயங்காலமே விமானிகள் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் அதே மைதானத்திலிருந்து டைரக்டரை வேறொரு விமானி ஏற்றிப்போனார், எடை பார்க்காமலே.