எலுமிச்சையில் வெந்த மீன்

தாய்லாந்தின் நோங் தூம் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் லம்துவனின் கண் முதலில் போவது படிக்கட்டின் கீழே கிடக்கும் செருப்புகள் மேல்தான். எந்தக் குதிகால் தேய்ந்திருக்கிறது, எந்த வார் அறுந்திருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுவாள். பத்தொன்பது வருடமாக அவள் ஊரின் சுகாதாரத் தொண்டர். சர்க்கரை பார்ப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, தண்ணீர் ஜாடிகளில் கொசுப்புழு தேடுவது, மீனை வேகவைத்துச் சாப்பிட்டார்களா என்று கேட்டுத் தாளில் குறி போடுவது எல்லாம் கொடுத்த வேலை. செருப்பு பார்ப்பது அவளாக எடுத்துக்கொண்டது. போலீசில் சேர வேண்டியவள் வழி தவறி இங்கே வந்துவிட்டாள் என்று ஊர் கேலி பேசும். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அந்தக் கண்ணில்தான் பட்டது, அரிசி ஆலைக்காரர் ப்ரோமின் இடது செருப்பு முற்றத்தின் நடுவில் அநாதையாகக் கிடப்பது.

ப்ரோமுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். விழுந்தது வலப்பக்கம். பக்கவாதத்திலிருந்து எழுபவர்களுக்கு வைட்டமின் எவ்வளவு கைகொடுக்கிறது என்று மாகாண மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்தது. அதில் அவரையும் சேர்த்திருந்தார்கள். அதனால்தான் வாரம் ஒருமுறை பயிற்சி கொடுப்பவர் வீடு தேடி வந்தார். ஆய்வு மாத்திரையை எண்ணிக் கொடுப்பது லம்துவன். மனிதர் கோலூன்றி ஆலை வாசல்வரை போய்விட்டார். கோடை தொடங்கிக் குளங்கள் வற்றி மீன் மலிந்ததும் எல்லாம் தலைகீழானது. பாதம் எரிகிறது என்றார், கால் மரத்துப்போகிறது என்றார். இப்போது நாற்காலியை விட்டு எழவே ஆள் வேண்டியிருந்தது.

"வலப்பக்கம் விழுந்தவருக்கு இடது செருப்பு ஏண்ணே கழண்டு போகுது?" என்று லம்துவன் கேட்டாள்.

"செருப்பைக் கேளு. எங்கிட்டச் சொல்லாமத்தான் போகுது" என்றார் ப்ரோம்.

சிரித்துவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி பல்லில் சிக்கிய நார்போல அவளை விடவில்லை. பக்கவாதம் ஒரு பக்கந்தானே பிடிக்கும்? நல்ல கால் என்ன பாவம் செய்தது?

பதில் தெரிந்தவள் மாகாண மருத்துவமனை டாக்டர் விபாரத். பாங்காக்கிலிருந்து வந்த, முப்பது வயதுகூட ஆகாத பெண். ரத்தப் பரிசோதனைத் தாளை லம்துவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பி ஒன் வைட்டமின் அடிமட்டத்துல இருக்கும்மா. அதான் ரெண்டு காலும் போகுது. ஆறு வாரமா மாத்திரை குடுத்தும் ஏறலை. ஒண்ணு அவர் முழுங்கலை, இல்ல நீங்க சரியா எண்ணலை."

"நான் எண்ணினது சரிதான் டாக்டரம்மா. ஒண்ணுகூடக் குறையலை, கூடலை."

"பச்சை மீன் சாப்பிட்டாலும் இப்படி ஆகும். குடல்லயே வைட்டமினை அழிச்சிடும். ஆனா உங்க தாள்ல தினமும் மீன் வெந்ததுன்னுதானே இருக்கு?"

"வெந்ததுதான். தினமும் கேட்டுத்தான் எழுதறேன்."

டாக்டர் பெருமூச்சு விட்டாள். "ஊசி போடச் சொல்றேன். ஆனா மருந்து எடுக்காத ஆளை ஆய்வுல வச்சுக்க முடியாதும்மா. இந்த மாசத்தோட எடுத்துடுவாங்க."

எடுத்துவிட்டால் பயிற்சி நின்றுபோகும். பயிற்சி நின்றால் ப்ரோமுக்கு நாற்காலியே கதி.  டாக்டர் தன் எண்ணிக்கையைச் சந்தேகப்பட்டது வேறு லம்துவனுக்குச் சுள்ளென்றது. 

மறுநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் ப்ரோம் வீட்டில் போய் உட்கார்ந்தாள். மாத்திரை உண்மையில் தொண்டைக்குள் போகிறதா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். ப்ரோமின் மனைவி பிகுன் பலகையில் குளத்து மீனைக் கொத்திக்கொண்டிருந்தாள்.

"சாப்பாட்டு நேரத்துல வந்திருக்கே. துப்புத் துலக்கவா, வயித்தை ரொப்பவா?"

"ரெண்டுக்குந்தான் அண்ணி."

பிகுன் கொத்திய மீனில் நாலு எலுமிச்சையைப் பிழிந்தாள். மிளகாய்த்தூள், வறுத்த அரிசிப் பொடி, புதினா எல்லாம் போட்டுப் பிசைந்தாள். மீன் மெல்ல மெல்ல வெளுத்தது. "சுக் ஆயிடுச்சு. சாப்பிட வாங்க" என்றாள்.

ப்ரோம் இடது கையால் ஒட்டரிசிச் சோற்றை உருட்டி மீனைத் தொட்டு வாயில் போட்டார். கூடவே மாத்திரையையும் போட்டுத் தண்ணீர் குடித்தார். வாயைத் திறந்தும் காட்டினார். லம்துவனும் ஓர் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் தாளை எடுத்து 'சுக்', அதாவது வெந்தது, என்ற கட்டத்தில் குறி போட்டாள்.

பேனா நின்றது.

சோறு வெந்தாலும் சுக், மாம்பழம் பழுத்தாலும் சுக், எலுமிச்சை பட்டு மீன் வெளுத்தாலும் சுக். பிறந்ததிலிருந்து அவளும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறாள். அவள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். அதில் பூனை படுத்திருந்தது.

"அண்ணி, இந்த மீன் அடுப்புல ஏறுச்சா?"

"கொத்தின மீனை எவ அடுப்புல ஏத்துவா? அதான் எலுமிச்சையில வெந்துடுச்சே."

"பச்சை மீன் குடுக்காதீங்கன்னு நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேனே?"

"பச்சையா எங்க குடுத்தேன்? சுக் பண்ணித்தானே குடுக்கறேன். நீயுந்தானே இப்ப தின்னே?"

லம்துவனின் வாயில் இருந்தது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கடைசியில் விழுங்கிவைத்தாள். குற்றம் அவர்கள் மேல் இல்லை. கேட்டவளும் இந்த ஊர், சொன்னவளும் இந்த ஊர். ஒரு சொல்லை இரண்டு பேரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டு ஒன்றாகத் தவறியிருக்கிறார்கள். பாங்காக் டாக்டருக்கு அந்தக் கட்டத்துக்குள் ஒரு கொதிக்கும் சட்டி தெரிந்திருக்கும்.

வெட்கம் பிடுங்கித் தின்ன, டாக்டர் முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னாள்.

"எத்தனை வீட்ல இப்படிக் குறி போட்டீங்க?"

"இருபத்திமூணு வீடு டாக்டரம்மா. ரெண்டு வருஷமா."

 டாக்டர் வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து லம்துவனிடம் நீட்டினாள். "கேள்வியை எழுதினது நான்தான். நீங்க சொல்லுங்க, உங்க ஊர்ல எப்படிக் கேக்கணும்?"

"அடுப்புல ஏறுச்சான்னு கேளுங்க. அதுல யாரும் ஏமாத்த முடியாது, ஏமாறவும் முடியாது."

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். ப்ரோமை ஆய்வில் வைத்துக்கொள்ளும்படி மேலிடத்துக்கு ஒரு கடிதமும் எழுதினாள்.

ஊசி போட்டார்கள். பயிற்சியும் நிற்கவில்லை. மீன் சட்டிக்குப் போனது. ருசியே இல்லை, வைக்கோலைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்று ப்ரோம் மூன்று வாரம் லம்துவனைத் திட்டினார். அவள் தன் இருபத்திமூன்று வீட்டுக்கும் மறுபடி படியேறி, மறுபடி கேட்டாள். பதினேழு வீட்டில் சுக் என்றார்கள், அடுப்பு என்றதும் விழித்தார்கள்.

ஏழாம் வாரம் ப்ரோம் வீட்டுக்குப் போனபோது படிக்கட்டின் கீழே இரண்டு செருப்பும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. வலது செருப்பின் முனை இன்னும் தரையில் இழுபட்டுத் தேய்ந்துதான் இருந்தது. பக்கவாதம் எடுத்துக்கொண்டது அவ்வளவு சுலபமாகத் திரும்பாது. இடது செருப்பைக் கையில் எடுத்துத் திருப்பினாள். குதிகாலில் ஆலை வாசலின் தவிடு ஒட்டியிருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"திருட வந்தியா?" என்றார் மேலேயிருந்து ப்ரோம்.

"இல்லண்ணே, சும்மா பாத்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் தாளை எடுத்தாள். "இன்னிக்கு மீன் அடுப்புல ஏறுச்சா?"